விதையில் பிறந்த தேயிலையும் கம்பில் பிறந்த தேயிலையும்



காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்கிற நேரத்தில் எல்லாருடைய வாயிலும் வருகிற கேள்வி, "இன்னைக்கு எந்த மலை?" என்பதுதான். வி.பி. மலை என்றால் சந்தோஷம். பழைய மலை என்றால் முகம் சுருங்கிப் போகும். "அந்த மலையில நாள் பூரா நின்னாலும் கிலோ ஏறாதுங்க" என்று பெண்கள் சொல்வதை நாங்கள் எத்தனையோ தோட்டங்களில் கேட்டிருக்கிறோம். கை ஒன்றுதான், உழைப்பு ஒன்றுதான். ஆனால் தராசில் ஏறுகிற நிறை வேறு. பேருக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் கணக்கு வைத்திருக்கும்போது இது சின்ன விஷயமில்லை.

இந்த வித்தியாசத்துக்கு மண், உரம், மழை, கவ்வாத்து என்று பல காரணங்கள் உண்டு. பெரிய காரணம் ஒன்று, அந்தச் செடி எப்படிப் பிறந்தது என்பது. பழைய மலைத் தேயிலை விதையில் பிறந்தது. வி.பி. தேயிலை கம்பில் பிறந்தது. இந்த இதழில் அதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லப் போகிறோம். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. ஆனால் அங்கே செவ்வரத்தம் பூவையும் அவரை விதையையும் வைத்துச் சொல்லியிருப்பார்கள். நமக்கோ தினமும் கையில் படுகிற செடி இருக்கிறது, அதை வைத்தே பேசுவோம்.

தேயிலைப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா?

நல்லபடியாகக் கொழுந்து எடுக்கிற மலையில் பூ அவ்வளவாகத் தெரியாது. ஏழு நாளைக்கோ பத்து நாளைக்கோ ஒரு முறை அரும்பைக் கிள்ளி எடுத்துவிடுகிறோம். செடியும் தன் பலத்தையெல்லாம் புதுக் கொழுந்து விடுவதிலேயே செலவழிக்கிறது. கைவிடப்பட்ட மலையிலும், வறட்சியில் அடிபட்ட செடியிலும், உரம் காணாத செடியிலும்தான் பூ நிறையப் பூக்கும். தான் பிழைப்பது கஷ்டம் என்று வந்தால் வித்தையாவது விட்டுப் போவோம் என்று செடி நினைக்கிறதோ என்னவோ! செடிக்கு நினைப்பு கிடையாது, ஆனாலும் பார்க்க அப்படித்தான் இருக்கும்.

பூ வெள்ளையாக இருக்கும், இலேசான வாசம் உண்டு. ஐந்து முதல் எட்டு இதழ் வரை இருக்கும். நடுவில் மஞ்சள் நூல் நூலாக நூற்றுக்கு மேல் நிற்கும். அந்த நூல்களைக் கேசரம் என்பார்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் தூள் இருக்கிறது. விரலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இதுதான் மகரந்தம், பூவின் ஆண் பகுதி. அந்த மஞ்சள் கூட்டத்துக்கு நடுவில் ஒரு தண்டு நிற்கும், அதன் நுனி மூன்றாகப் பிரிந்திருக்கும். அது பெண் பகுதி. நுனிக்குக் குறி என்று பெயர். அடியில் உள்ள சின்ன உருண்டைதான் சூலகம். பூவின் கர்ப்பப்பை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மூன்று அறை.

மகரந்தத் தூள் குறியில் போய் ஒட்டுவதைத்தான் மகரந்தச் சேர்க்கை என்கிறோம். அது தானாக நடக்காது. தேயிலை மகரந்தம் ஒட்டுகிற தன்மையுள்ளது, காற்றில் அதிகம் பறக்காது. ஈயும் தேனீயும் மற்றச் சிறு பூச்சிகளும் தேன் குடிக்க வந்து, உடம்பில் தூளைப் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.

தூள் ஒட்டியதோடு வேலை முடியவில்லை. ஒட்டிய தூளிலிருந்து மிக மெல்லிய குழாய் ஒன்று முளைத்து, தண்டு வழியாகக் கீழே இறங்கி, சூலகத்துக்குள் இருக்கிற சூல்வித்தைப் போய்ச் சேரும். அங்கே ஆண் அணுவும் பெண் அணுவும் ஒன்று சேர்வதுதான் கருக்கட்டல். அதிலிருந்துதான் வித்துக்குள் இருக்கும் முளையம், அதாவது குஞ்சுச் செடி, உருவாகிறது.

இங்கேதான் தேயிலையின் ஒரு விசேஷ குணத்தைச் சொல்ல வேண்டும். தன் பூவின் தூளைத் தன் பூவுக்கே அது ஏற்றுக்கொள்வதில்லை. அதே செடியின் இன்னொரு பூவின் தூள் என்றாலும் அப்படித்தான். குழாய் முளைத்து இறங்கும், ஆனால் கடைசியில் கரு தங்காது. அப்படியே ஒன்றிரண்டு தங்கினாலும் மிகவும் அபூர்வம். வேறொரு செடியின் தூள் வந்தால்தான் நல்ல காய் பிடிக்கும். நம் ஆட்கள் இதைக் கேட்டதும், "சொந்தத்துக்குள்ள சம்பந்தம் வைக்க மாட்டேங்குது போல" என்று சிரிப்பார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். போஞ்சி, தக்காளி, பட்டாணி எல்லாம் இதற்கு நேர்மாறு. தன் தூளிலேயே தான் காய்த்துக்கொள்ளும்.

இதன் பலன் என்னவென்றால், ஒவ்வொரு தேயிலை விதைக்கும் தாய் ஒன்று, தகப்பன் வேறொன்று. தாய்ச் செடி எது என்று நமக்குத் தெரியும், காயைப் பறித்த செடிதானே. தகப்பன் யார் என்பது அந்தப் பூச்சிக்குத்தான் தெரியும். ஒரே காயில் இருக்கிற மூன்று விதைக்கு மூன்று தகப்பன் இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒரு வீட்டுப் பிள்ளைகளே ஒருவர்போல் ஒருவர் இருப்பதில்லை. அப்படியிருக்க இந்தப் பிள்ளைகள் எப்படி ஒன்றுபோல் இருக்கும்?

காய் முற்றுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் எடுக்கும். அதனால்தான் ஒரே செடியில் போன வருடத்துக் காயும் இந்த வருடத்துப் பூவும் சேர்ந்து நிற்பதைக் காணலாம். பச்சைக் காய் மூன்று புடைப்பாக இருக்கும். முற்றினதும் பழுப்பாகி வெடித்து, கபில நிற விதை கீழே விழும். பிள்ளைகள் கோலி விளையாடுவது இதை வைத்துத்தான்.

விதையை உடைத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு தடித்த பருப்பு. இவை வித்திலைகள். குஞ்சுச் செடிக்குக் கட்டிக் கொடுத்த சாப்பாடு. எண்ணெய்ச் சத்து அதிகம். நெல், சோளம்போல இதைக் காயவைத்து மூட்டை கட்டி வைக்க முடியாது. காய்ந்தால் உயிர் போய்விடும். முந்திய காலத்தில் விதையை ஈரமான கரித்தூளில் பொதிந்து அனுப்பினார்கள். நடுவதற்கு முன் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். அமிழ்ந்தது நல்லது, மிதந்தது சொத்தை. அமிழ்ந்ததை ஈர மணலில் பரப்பி, கோது வெடிக்கிற வரை வைத்திருந்து எடுத்து நடுவார்கள். முளைக்கும்போது முதலில் வருவது வேர். அது நேரே கீழே இறங்கும். அதுதான் ஆணிவேர். பருப்பு இரண்டும் மண்ணுக்குள்ளேயே இருக்க, தளிர் மட்டும் மேலே வரும். அந்த ஆணிவேரை மறந்துவிடாதீர்கள், பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பழைய மலை ஏன் கலப்படமாக இருக்கிறது?

ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பது தெரிந்த கதை. அதற்கு முன்பே, 1839இல், கல்கத்தாவிலிருந்து அசாம் தேயிலை விதை பேராதனைப் பூங்காவுக்கு வந்திருந்தது. 1875இல் நாட்டில் சுமார் 1,000 ஏக்கர்தான் தேயிலை. 1895 ஆகும்போது 3 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. அந்தக் காட்டை வெட்டி, குழி தோண்டி, நட்டவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். அவர்கள் நட்டது விதையும் விதை நாற்றும்தான். அகலமான இலையுள்ள அசாம் ஜாதி, சின்ன இலையுள்ள சீன ஜாதி, இரண்டும் கலந்தது என்று எல்லாமே வந்தது. தகப்பன் தெரியாத விதைகள் என்று சொன்னோமே, அவை லட்சக்கணக்கில் மலைமேல் ஏறின.

ஆகவே பழைய மலையில் ஒரு நிரையில் நின்று பாருங்கள். ஒரு செடி இளம்பச்சை, பக்கத்துச் செடி கரும்பச்சை. ஒன்றின் இலை கையகலம், மற்றதன் இலை விரலகலம். ஒன்று கொழுந்து விட்டு நிற்கும்போது அடுத்தது அரும்பு உறங்கிக் கிடக்கும். ஒரு செடியில் கை நிறையும், அடுத்த மூன்று செடியில் ஒன்றும் அகப்படாது. நடப்பதும் தேடுவதும்தான் அதிகம், கூடை நிறைவது குறைவு. கிலோ ஏறாததன் இரகசியம் இதுதான். இதைக் கொழுந்து எடுப்பவரின் சோம்பல் என்று கணக்குப் போடுவது நியாயமில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். மலையைப் பார்த்துத்தான் கிலோவை வைக்க வேண்டும்.

கம்பில் பிறக்கிற கதை

பழைய மலையில் கை நிறையத் தருகிற அந்த ஒரு செடியைக் கண்டதும் யாருக்கும் ஒரு ஆசை வரும். மலை முழுக்க இதே செடியாக இருந்தால்! அதன் விதையை எடுத்து நட்டால் நடக்காது. விதையில் பாதி குணம் தாயினுடையது, மறு பாதி யாருடையதோ. தாயை அப்படியே திரும்பப் பெற வேண்டுமென்றால் பூவையும் தூளையும் விட்டுவிட்டு, அந்தச் செடியின் உடம்பிலிருந்தே ஒரு துண்டை எடுக்க வேண்டும்.

இது ஒன்றும் புதுமையில்லை. முருங்கைக் கம்பை வெட்டி வேலியோரம் ஊன்றுகிறோம். வாழைக் குட்டியைப் பிடுங்கி நடுகிறோம். உருளைக்கிழங்கை முளையோடு வெட்டிப் புதைக்கிறோம். மரவள்ளித் தடியும் அப்படித்தான். இவை எல்லாம் தாய்ச் செடியின் மறு உருவங்கள். பிள்ளை என்றுகூடச் சொல்ல முடியாது, தாயேதான். புத்தகத்தில் இதைப் பதியமுறை இனப்பெருக்கம் என்பார்கள். ஆங்கிலத்தில் வெஜிடேட்டிவ் ப்ரொபகேஷன், அதன் முதல் இரண்டு எழுத்துத்தான் நாம் சொல்கிற வி.பி. இப்படி ஒரே தாயிலிருந்து வந்த கூட்டத்துக்குக் குளோன் என்று பெயர். செம்மறியாட்டைக் குளோன் பண்ணினார்கள் என்று 1997இல் பத்திரிகைகளெல்லாம் பெரிதாக எழுதின. நம் நர்சரியில் வேலை செய்கிற பெண்கள் அதற்கு எத்தனையோ வருடம் முந்தியே குளோன் செய்துகொண்டுதான் இருந்தார்கள், யாரும் படம் பிடிக்க வரவில்லை.

இந்த நாட்டில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இல் ஆரம்பிக்கப்பட்டது. இப்போதும் தலவாக்கலை சென் கூம்ஸில் இயங்குகிறது. கம்பு வைத்துத் தேயிலை வளர்க்கும் பரிசோதனைகள் 1930களில் நடந்தன, 1950களுக்குப் பின் தோட்டங்களில் பரவின. டி.ஆர்.ஐ. 2023, டி.ஆர்.ஐ. 2025, டி.ஆர்.ஐ. 2026 என்றெல்லாம் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு தாய்ச் செடியின் பெயர். டி.டி. 1, சி.வை. 9 போன்றவை தோட்டங்களின் பழைய மலைகளிலேயே தேடிப் பிடித்த செடிகளிலிருந்து வந்தவை.

செய்முறையை நர்சரியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். தாய்ச் செடியைக் கவ்வாத்துப் பண்ணி, கொழுந்து எடுக்காமல் நாலைந்து மாதம் விட்டால் நீளமாகக் கிளை வரும். காலையிலேயே கிளையை வெட்டித் தண்ணீரில் போட வேண்டும், வெயில் ஏறவிடக் கூடாது. கிளையின் நுனி இளசு, அழுகிப்போகும். அடி முற்றிச் சிவந்தது, வேர் விடச் சுணங்கும். நடுப் பாகம்தான் நல்லது. அதில் ஒரு இலை, அந்த இலையின் இடுக்கில் ஒரு அரும்பு, கீழே ஒரு அங்குலம் அளவு தண்டு என்று கூரான கத்தியால் சரிவாக வெட்டுவார்கள். இந்தச் சின்னத் துண்டுக்குள் ஒரு முழுச் செடி இருக்கிறது.

பையில் ஊன்றியபின் வெட்டின இடத்தில் வெள்ளையாகத் தடித்து வரும். காயம் ஆறுகிற அடையாளம் அது. இரண்டு மூன்று மாதத்தில் அங்கேயிருந்து வேர் இறங்கும். அதுவரை அந்த ஒற்றை இலைதான் வெயிலை வாங்கிச் சாப்பாடு செய்து கொடுக்கிறது. வேர் இல்லாததால் தண்ணீர் உறிஞ்சுவதும் கஷ்டம். அதற்காகத்தான் பொலித்தீன் கூடாரம், நிழல், ஈரம் எல்லாம். இலை உதிர்ந்தால் செடி போனதுதான். இலையைப் பார்த்துக் கை வைக்க வேண்டும் என்று நர்சரியில் மூத்த பெண்கள் புதிதாக வருகிற பிள்ளைகளைச் சத்தம் போடுவது சும்மா இல்லை. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், மெல்ல மெல்ல வெயிலுக்குப் பழக்கி, மலைக்கு அனுப்பலாம்.

நர்சரியில் இன்னொரு கவனம், பைகள் மாறிப்போகாமல் பார்ப்பது. இளஞ்செடியில் இந்தக் குளோனா அந்தக் குளோனா என்று கண்டுபிடிப்பது சுலபமில்லை. ஒரு பாத்தி கலந்துபோனால், நாலு வருடம் கழித்து மலையில் நிற்கிறவர்தான் அதை அனுபவிப்பார். மண்ணும் அப்படியே. வேரைத் தின்னும் வட்டப்புழு கண்ணுக்குத் தெரியாது. அது இருக்கிற மலையின் மண்ணைப் பையில் நிரப்பினால், செடியோடு சேர்த்துப் புழுவையும் புது மலைக்குக் கொண்டுபோய்க் குடிவைத்த கணக்குத்தான்.

ஒன்றுபோல் இருப்பதன் நன்மையும் ஆபத்தும்

4 அடிக்கு 2 அடி என்று நட்டால் ஒரு ஏக்கரில் 5,400க்கு மேல் செடி நிற்கும். அத்தனையும் ஒரே தாய். எல்லாம் ஒரே நேரத்தில் கொழுந்து விடும், ஒரே உயரத்துக்கு வரும், இரண்டு கைக்கும் வேலை இருக்கும். மட்டம் வைக்கவும் சுலபம். விளைச்சல் பழைய மலையைவிட அதிகம். இதில் மறுபேச்சு இல்லை.

ஆனால் ஒரு செடிக்குத் தாங்காதது அத்தனைக்கும் தாங்காது. ஒரு நோய்க்கு ஒரு செடி இடம் கொடுத்தால் 5,400உம் இடம் கொடுக்கும். பழைய மலையில் ஒரு செடி வாடினாலும் பக்கத்துச் செடி நின்று பிடிக்கும், ஏனென்றால் அது வேறு தகப்பனின் பிள்ளை.

இதை இந்த மலைநாடு ஒரு தரம் பெரிய விலை கொடுத்துக் கண்டிருக்கிறது. தேயிலைக்கு முன் இங்கே இருந்தது கோப்பி. அராபிக்கா கோப்பி தன் தூளிலேயே தான் காய்க்கிற ஜாதி. விதையில் வந்தாலும் செடிக்குச் செடி வித்தியாசம் மிகக் குறைவு. 1869இல் இலையின் அடியில் மஞ்சளாகத் துரு பிடித்ததுபோல் ஒரு பூஞ்சண நோய் கண்டது. நோயைத் தாங்கும் செடி மலையில் இல்லை. இருபது வருடத்துக்குள் பெரிய கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. துரைமாரில் பலர் கடனாளியாகிக் கப்பலேறினார்கள். கூலி பாக்கியோடு கைவிடப்பட்டவர்கள் நம் ஆட்கள். அதன் பின்தான் மலையெல்லாம் தேயிலையானது.

தேயிலைக்கும் 1946இல் கொப்புள நோய் வந்தது. பனிமூட்டமும் மழையுமான நாட்களில் இளம் இலையில் கண்ணாடிபோல் வட்டமாக எழும்புமே, அதுதான். மருந்தடித்துத்தான் சமாளிக்கிறோம். கோப்பிபோல் தேயிலை அழிந்துவிடவில்லை. ஆனாலும் எல்லாக் குளோனும் அந்த நோயை ஒரே மாதிரித் தாங்குவதில்லை, சிலவற்றில் கூட வரும், சிலவற்றில் குறையும். அதனால்தான் முழுத் தோட்டத்தையும் ஒரே குளோனால் நிரப்பக் கூடாது, பலவற்றைப் பிரித்து நட வேண்டும் என்கிறார்கள்.

இப்போது ஆணிவேருக்கு வருவோம். விதைச் செடிக்குத்தான் ஆணிவேர். கம்புச் செடிக்கு அது கிடையாது. வெட்டு வாயிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகப் பல வேர் வரும், பெரும்பகுதி மேல் மண்ணிலேயே பரவும். மழை ஒழுங்காக இருந்தால் குறையொன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் வானம் காய்ந்தால் தெரியும். பழைய மலை பச்சை மாறாமல் நிற்க, அடுத்த வி.பி. மலை கருகிக் கிடப்பதை வயதானவர்கள் காட்டிச் சொல்வார்கள்: "எங்க தாத்தா வச்ச தேயிலை, கெணத்துத் தண்ணிய குடிக்குது." உண்மைதான், அதன் வேர் ஆழத்து ஈரத்தைத் தொடுகிறது. குளோன்களிலும் வித்தியாசம் உண்டு. டி.ஆர்.ஐ. 2025 வறட்சியை ஓரளவு தாங்கும், டி.ஆர்.ஐ. 2023 அவ்வளவு தாங்காது. மேல் மண் கழுவிப்போன சரிவில் வி.பி. செடி இரட்டைக் கஷ்டப்படும். கான் துப்புரவாக இருப்பதும் மண்ணுக்கு மூடாக்குப் போடுவதும் அதன் வேருக்கு நாம் செய்கிற வைத்தியம்.

இரண்டின் நன்மையையும் சேர்த்துப் பிடிக்க வழி தேடியிருக்கிறார்கள். அசாமில் டொக்லாய் ஆராய்ச்சி நிலையத்தார், நல்ல இரண்டு குளோன்களை மாறி மாறி நட்டு விதைத் தோட்டம் போட்டார்கள். சொந்தத் தூளை ஏற்காத குணம்தான் இங்கே உதவுகிறது. காய்க்கிற விதை எல்லாம் அந்த இரண்டுக்கும் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும், தகப்பன் யார் என்ற சந்தேகம் இல்லை, ஆணிவேரும் கிடைக்கிறது. தென்னிந்தியாவிலும் ஆபிரிக்காவின் மலாவியிலும் ஒட்டுக் கட்டுகிற முறையைச் செய்திருக்கிறார்கள். வறட்சி தாங்குகிற செடி அடியில், கொழுந்து கூடத் தருகிற செடி மேலே.

இதையெல்லாம் பார்க்கும்போது, பழைய மலையை வேரோடு பிடுங்கி மாற்று நடுகை செய்வதில் எங்களுக்கு ஒரு கவலை உண்டு. மாற்றி நடத்தான் வேண்டும், அதில் வாதமில்லை. குறைந்த விளைச்சலில் நின்று நம் பெண்கள் முதுகு ஒடிவது யாருக்கும் இலாபமில்லை. ஆனால் பழைய மலையில் ஒவ்வொரு செடியும் ஒரு தனிப்பிறவி. பிடுங்கினால் அந்தக் குணம் திரும்பக் கிடைக்காது. எந்தச் செடி கோடையிலும் கொழுந்து விடுகிறது, எது கொப்புள நோய்க்கு அசையாமல் நிற்கிறது என்பது முப்பது வருடம் அதே நிரையில் நடந்த பெண்ணுக்குத் தெரியும். காகிதத்தில் அது இருக்காது. மலை பிடுங்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், அப்படியான செடிகளுக்கு ஒரு துணியைக் கட்டிவைத்து, கங்காணி மூலமாகவோ வெளிக்கள உத்தியோகத்தர் மூலமாகவோ துரைக்குச் சொல்லுங்கள். கம்பு எடுத்து வைத்துப் பார்க்க அதிகம் செலவாகாது.

வீட்டுத் தோட்டத்துக்கும் இந்த அறிவு உதவும். பூசணி, பாகல், புடோல் எல்லாம் ஆண் பூ வேறு, பெண் பூ வேறாகப் பூக்கும். பிஞ்சு வெம்பி உதிர்கிறதென்றால் பூச்சி வரவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். குளவி என்றாலே நமக்குக் குலை நடுங்கும், அதில் அர்த்தம் இருக்கிறது, கொட்டு வாங்கிச் செத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பூசணிப் பூவுக்கு வருகிற சின்னத் தேனீயைப் பார்த்து மருந்தடிக்காதீர்கள். கொழுந்துக்குத் தேனீ வேண்டாம், கறிக்கு வேண்டும்.

கடைசியாக, தேயிலைத் துண்டுகளைப் பராமரிக்கப் பொறுப்பெடுத்திருக்கிற குடும்பங்களுக்கும், சொந்தமாகக் கொஞ்சம் நடுகிறவர்களுக்கும். அண்மைய வருடங்களில் சில கம்பனிகள் மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன், அது விதைத் தேயிலையா வி.பி.யா, எந்தக் குளோன், எந்த வருடம் நட்டது, எத்தனை செடி செத்து வெற்றிடமாக இருக்கிறது என்று நடந்து பார்த்துக் கேளுங்கள். உங்கள் வருமானம் அதில்தான் இருக்கிறது. வெற்றிடம் நிரப்பக் கன்று வாங்கினால், பக்கத்தில் நிற்கிற நல்ல வி.பி. செடியின் காயைப் பொறுக்கி முளைக்கப் போட்டு அதே தேயிலை வருமென்று எதிர்பார்க்க வேண்டாம். பதிவு செய்த நர்சரியில் குளோன் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கன்றின் பையை அவர்கள் முன்னாலேயே கிழித்துப் பாருங்கள். வேர் வெள்ளையாக, பல பக்கத்திலும் பரவி, பையின் அடி வரை வந்திருக்க வேண்டும். வேரில் முடிச்சோ கறுப்போ இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தப் பாத்தியில் கை வைக்காதீர்கள். நடும்போது பையை முழுக்க எடுத்துவிட்டு, மண் உடையாமல் குழியில் இறக்கி, மழை பிடித்த பிறகே நடுங்கள்.